உப்புக்காரனும் வெற்றிலையும்

காது கொடுப்பவர்கள் கிட்டே வாருங்கள். தூக்கம் வருகிறவர்கள் தூங்குங்கள், கதை உங்களுக்காகக் காத்திருக்காது.

முன்னொரு காலத்தில் கொற்றங்குடி என்றொரு நாடு இருந்தது. அங்கே பங்குனித் திருவிழாவில் ராஜா வேடம் கட்டுகிறவனுக்கு அரண்மனையிலிருந்து வெற்றிலை பாக்கு வரும். வெற்றிலை வந்தால்தான் ஆட்டம். வராவிட்டால் எத்தனை பெரிய ஆட்டக்காரனும் ஊரோடு உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது, கொடிய வழக்கம். மூன்று திருவிழா வெற்றிலை வராமல் போனால் ஆட்டக்காரன் தன் கிரீடத்தை அம்மன் கோவிலில் வைத்துவிட வேண்டும். பிறகு ஆயுசுக்கும் அது அவன் தலையில் ஏறாது.

அந்த நாட்டில் சேந்தன் என்று ஒரு ஆட்டக்காரன். பத்து வருஷம் வெற்றிலை அவன் வீட்டுக்கே வந்தது. அவன் பாடிப் பழகும்போது மனைவி நங்கை எதிரே உட்கார்ந்து, விட்ட அடியை எடுத்துக் கொடுப்பாள்.

பழைய ராஜா இறந்தார். ஒரு வருஷம் துக்கம். நாடெங்கும் திருவிழாவும் இல்லை, கூத்தும் இல்லை. பட்டத்துக்கு வந்த புது ராஜாவுக்கு யாரையும் தெரியாது. அவர் ஒரு காரியம் செய்தார். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், சேந்தனிடம் சொல்லிவிடாதீர்கள். வெற்றிலையை உப்பு மூட்டைக்குள் வைத்து, தன் ஆளை உப்புக்காரனாக அனுப்பினார். ஆட்டக்காரர்கள் ஆட்டமில்லாத நாளில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவரச் சொன்னார்.

முதல் வருஷம் உப்புக்காரன் வாசலில் வந்து நின்றான்.

"ஐயா ஆட்டக்காரராமே. ரெண்டு அடி ஆடிக் காட்டுங்களேன்."

"உப்பு விக்கிறவனுக்கு ஆடிக் காட்டவா நான் சலங்கை கட்டினேன்?" என்றான் சேந்தன். அவன் கண் தெருக்கோடியிலேயே இருந்தது. வெள்ளித் தட்டோடு சேவகன் வருவான் என்று பார்த்திருந்தான். வெற்றிலை வேறு வீட்டுக்குப் போயிற்று. சேந்தன் சலங்கையைப் பரணில் போட்டுவிட்டு ஆடுவதை நிறுத்தினான்.

இரண்டாம் வருஷமும் உப்புக்காரன் வந்தான்.

"ஆட வேண்டாம் ஐயா. ஒரு பாட்டாவது பாடுங்களேன்."

"தட்டு வரட்டும், பாட்டு வரும்," என்றான் சேந்தன். அந்த வருஷமும் வெற்றிலை வேறு வீட்டுக்குப் போயிற்று. பாடுவதையும் நிறுத்தினான்.

மூன்றாம் வருஷம் அவன் எழுந்திருக்கவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்தான். சோறு இறங்கவில்லை. மாசி போய்ப் பங்குனி பிறந்தது. கிரீடத்தைத் துணியில் சுற்றி, கோவிலுக்கு எடுத்துப்போகத் தயாராக மூலையில் வைத்தான். கூப்பிட ஆளில்லாதவன் ஆளே இல்லை என்று ஒரு எண்ணம் அவனுக்குள் புகுந்துகொண்டது. பொல்லாத எண்ணம் அது. கறையானாவது மரத்தோடு நிற்கும், இது ஆளையே அரிக்கும்.

நங்கை என்ன செய்தாள்? ஊரார் நெல்லைக் கூலிக்குக் குத்தினாள். அதில்தான் மூன்று வருஷமும் அடுப்பு எரிந்தது.

உப்புக்காரன் மூன்றாம் முறை வந்தான். வாசலில் கூப்பிட்டான், பதில் இல்லை. திரும்பப் போனவன் நின்றான். கொல்லையில் உலக்கை விழும் சத்தம். அதோடு சேர்ந்து, நாடிழந்த ராஜா புலம்பும் பாட்டு.

"வெண்குடை நிழல் தந்த நாடே, ஒரு வேளைக் கஞ்சி தருவாயோ..."

ஒரு குத்துக்கு ஒரு அடி. உப்புக்காரன் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றான். அப்புறம் மூட்டைக்குள் கைவிட்டு வெற்றிலையை எடுத்து நங்கையிடம் நீட்டினான். தான் யார் என்றும் சொன்னான்.

நங்கை பதறிப்போனாள். "இது அவருக்கு வரவேண்டியதுண்ணே. அவர் மறந்துட்டா எடுத்துக் குடுக்கணுமேன்னுதான் நான் பாடிக்கிட்டே இருந்தேன்."

"தொழிலை விடாதவங்க கையில குடுன்னு ராஜா சொல்லியிருக்காரு தாயி."

"அவரைப் பாடச் சொல்றேன். அப்புறம் குடுங்க."

சேந்தன் எழுந்து வந்தான். வெற்றிலையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தான். இரண்டு அடி வந்தது, மூன்றாவது வரவில்லை. நங்கை எடுத்துக் கொடுத்தாள். மறுபடி நின்றது. எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் முறை அவள் எடுத்துக் கொடுத்தும் குரல் வரவில்லை. அவன் உரலடியில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு சேந்தன் உள்ளே போனான். துணியை அவிழ்த்துக் கிரீடத்தை எடுத்துவந்து, நங்கையின் தலையில் வைத்தான். அவளுக்கு அது பெரிதாக இருந்தது. அந்தத் துணியையே கிழித்து உள்ளே சுற்றி, இறுக்கிக் கட்டிவிட்டான்.

"வெத்திலையை நீயே வாங்கிக்க," என்றான்.

திருவிழா அன்று நங்கை ராஜாவாக வந்தாள். திரை பிடித்தவன் சேந்தன். நாடிழந்த ராஜா புலம்பியபோது ஊரே அழுதது. சேந்தனும் அழுதான்; ஆனால் அவன் ராஜாவுக்காக அழவில்லை. சும்மா கிடந்த மூன்று வருஷம் ஒவ்வொரு நாளாக அவன் கண் முன்னே வந்து நின்றது.

அவனுக்குத் திரும்ப வெற்றிலை வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. ஆனால் மறுநாள் காலையில் கொல்லையில் உலக்கை விழுந்தபோது, அதோடு ஒரு கரகரத்த ஆண்குரல் முதல் அடியிலிருந்து தொடங்கியது.

இதன் நீதி: அழைப்பு வருவது நம் கையில் இல்லை, அது வரும்வரை தொழிலைக் கைவிடாமல் இருப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.