பவளத்துக்கு லைன் கிளியர்

தூத்துக்குடியில் மின்கம்பி வேலை பார்க்கிற மூன்று பேர் இருந்தார்கள். ஆண்டவன் அறிவைப் பங்கு வைத்த நேரத்தில் மூவரும் ஏதோ ஒரு கம்பத்தின் உச்சியில் இருந்திருக்க வேண்டும். யாரும் இறங்கி வந்து வாங்கிக்கொள்ளவில்லை.

மூவரில் மூத்தவர் சுடலைமணி அண்ணாச்சி. அவர் மகளைப் பல் டாக்டர் தங்கப்பழத்தின் மகனுக்குப் பேசியிருந்தது. பிள்ளைகள் ஆசைப்பட்டதால் டாக்டர் இறங்கி வந்த சம்பந்தம். எப்போது திரும்ப ஏறிப் போய்விடுவாரோ என்று அண்ணாச்சிக்கு உள்ளுக்குள் உதறல்.

அந்த டாக்டர்தான் வெளியூருக்குக் கிளம்பும்போது, வீட்டுச் சாவியோடு தன் உயிரான சின்னக் கடல்மீன் தொட்டியை அண்ணாச்சியிடம் ஒப்படைத்தார்.

"சம்பந்தி, இந்தப் பச்சைப் பவளம் பிசாசு மாதிரி வளரும். பக்கத்து ஊதாவைத் தொட்டா கொஞ்சம் வெட்டி, துண்டைத் தனிக் கல்லுல ஒட்டிருங்க. மீன் ஒண்ணு செத்தாலும் எனக்கு மனசு ஆறாது."

"கிளை உரசினா வெட்டுறதுதானே எங்க தொழிலே!" என்றார் அண்ணாச்சி.

துணைக்கு மற்ற இருவர், இசக்கிராஜும் அருளப்பனும் வந்தார்கள். அத்தனை வேகமாக வளரும் பவளத்தைக் கண்சிமிட்டும் நேரத்தில் தவறவிடக்கூடாதே! ஒருவன் சிமிட்டும்போது மற்ற இருவரும் விழித்திருந்தார்கள்.

ஒருநாள் இசக்கி கத்தினான். "பச்சை தொட்டுட்டு, அண்ணாச்சி!"

"ஊதா போய்ப் பச்சையைத் தொட்டிருந்தா?" என்றான் அருளப்பன்.

"நீ பாத்தியால?"

"நான் அப்போ சிமிட்டிட்டிருந்தேன்."

சாட்சி இல்லாத வழக்கு. இரண்டையும் வெட்டுவது என்று தீர்ப்பானது.

அருளப்பன் கத்தரியை எடுத்ததும் அண்ணாச்சி தடுத்தார். "லைன் கிளியர் எடுத்தியா?"

கம்பியில் கை வைக்குமுன் கரண்டை நிறுத்தி வாங்குகிற அனுமதி அது. வாங்கினவனே வேலை நடந்த இடத்தில் நின்று, 'முடிஞ்சுது, ஆள் பத்திரம்' என்று சொன்னால்தான் கரண்ட் திரும்ப வரும். அருளப்பன் முறைப்படி வீட்டுக் கரண்டை நிறுத்தினான், வெட்டினான், ஒட்டினான். பிறகு அக்கா மகளின் காதுகுத்து ஞாபகம் வந்து திருச்செந்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டான்.

தொட்டிக்குக் காற்றூட்டும் மோட்டார் நின்றே கிடந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"நன்றி சொல்லுது," என்றான் இசக்கி.

"மூச்சு முட்டுதுல! கரண்டைப் போடு!"

"கிளியர் எடுத்தவன் வராம போட்டா ஆள் செத்துருவான், அண்ணாச்சி."

"அவன்தான் திருச்செந்தூர்ல இருக்கானே!"

"அங்கே செத்துட்டா நமக்கு யார் வந்து சொல்லுவா?"

சைக்கிள் பம்ப்பைக் கொண்டுவந்து தண்ணீருக்குள் காற்றடிக்க ஆரம்பித்தார்கள்.

டாக்டர் திரும்பி வந்தபோது வீடு இருட்டு. விஷயம் கேட்டுச் சுவிட்சை நோக்கிப் பாய்ந்தவரை இசக்கி இடுப்போடு கட்டிப்பிடித்தான். "உங்க வீடுன்னு கரண்டுக்குத் தெரியுமா, டாக்டர்?"

"அவனைப் போன்ல சொல்லச் சொல்லுங்கய்யா!"

"வேலை நடந்த இடத்தைப் பாத்துல்லா சொல்லணும்!"

"இந்தச் சம்பந்தம் இதோட..." என்று டாக்டர் ஆரம்பித்ததும் அண்ணாச்சி பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் யோசனையும் வந்தது. "அவன் வரலைன்னா என்ன? வேலை நடந்த இடத்தை அவன்கிட்டக் கொண்டு போவோம்!"

மீன்களின் நிலைமையைப் பார்த்த டாக்டருக்கு வாதாட நேரமில்லை. தொட்டி குட்டியானை சரக்கு வண்டியில் ஏறியது. பின்னால் உட்கார்ந்து திருச்செந்தூர்வரை டாக்டரே பம்ப் அடித்தார்.

காதுகுத்து மண்டபத்தில் அருளப்பன் தொட்டியை உற்றுப் பார்த்தான். "முடிஞ்சுது. ஆள் பத்திரம். கரண்ட் கொடுக்கலாம்." மண்டபத்துப் பிளக்கில் மோட்டாரைச் சொருகினார்கள். மீன்கள் கீழே இறங்கின. அண்ணாச்சிக்கு உயிர் வந்தது.

வெளிச்சத்தில் குனிந்து பார்த்த டாக்டர் அலறினார். வண்டி ஆடிய ஆட்டத்தில் பச்சை, ஊதாமேல் சாய்ந்து கிடந்தது. "சம்பந்தி, வெட்டணும்!"

"வெட்டலாம். கிளியர் யார் எடுக்க?"

டாக்டர் நிமிர்ந்தார். "உங்களை நம்ப முடியாது. பொறுப்பான ஆள் வேணும். இந்தத் தடவை நானே எடுக்கேன்."

மண்டபம் இருண்டது. காது குத்த வந்த ஆசாரி யார் காதைப் பிடித்தாரோ, ஒரு பெரியவரின் அலறல் கேட்டது. டாக்டர் செல்போன் வெளிச்சத்தில் அழகாக வெட்டினார், ஒட்டினார், கையைக் கழுவினார். கடிகாரத்தைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"ஐயோ, கிளினிக்ல ஆட்கள் வாயைத் திறந்துட்டு உக்காந்திருப்பாங்களே!"

ஓடிப்போய்த் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறியவர், சன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார். "சம்பந்தி, வெள்ளிக்கிழமை வாறேன், பூ வைக்க நாள் குறிச்சிருவோம்! அதுவரைக்கும் பம்ப்பை நிறுத்திராதீங்க!"

தங்களுக்கு ஏற்ற இடம்தான் அமைந்திருக்கிறது என்று அண்ணாச்சி மனங்குளிர்ந்து, பம்ப்பை மிதித்துப் பிடித்துக்கொண்டார்.