சருகுப் புகை

ரயிலும் ரேஷன் கடையும் யார் கனவிலும் வராத காலத்தில், கருங்குன்ற நாட்டை வேங்கைமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் மனசு ஒரு நிலையில் நிற்காது. காலையில் ஒருவனைச் சிறையில் போடுவார், மத்தியானம் அவனையே கூப்பிட்டு விருந்து வைப்பார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மாறவே மாட்டார். அந்தி சாயும்போது அரண்மனை மேல்மாடத்துக்குப் போய், ஊரில் எல்லாக் கூரையிலும் அடுப்புப் புகை எழுவதைப் பார்த்த பிறகுதான் சாப்பாட்டில் கை வைப்பார்.

அது அவருடைய அப்பா பெரிய ராஜாவின் வழக்கம். சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து வேங்கைமாறனும் புகை பார்த்தவர். "அதோ கயிற்றுக்காரத் தெரு, அதோ குயவர் தெரு. எல்லாரும் சோறாக்குகிறார்கள், இனி நாமும் சாப்பிடலாம்" என்பார் அப்பா. அவர் போய் இருபது வருஷமாகிவிட்டது. ஆனாலும் அந்தி வேளையில் வைக்கோல் புகை மூக்கில் ஏறினால் ராஜாவுக்கு அந்தத் தோளின் சூடு ஞாபகம் வந்துவிடும். நாளில் அந்த ஒரு நாழிகைக்காகத்தான் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தார் என்றே சொல்லலாம்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. இல்லாத வீடுகளுக்கு மாதம் ஒரு மரக்கால் கேழ்வரகு தரச் சொல்லி ராஜா களஞ்சியத்தைத் திறந்தார். களஞ்சிய அதிகாரி விடங்கர் இருக்கிறாரே, அவருக்குத் தன் வீட்டு நெல்லைக் கொடுப்பது போல வயிறு எரிந்தது. தானம் கொடுக்கும் யோசனை அமைச்சர் சாத்தப்பருடையது என்பதால் எரிச்சல் இரட்டிப்பு. ஆகவே சட்டம் போட்டார்: ஓலையில் மனு எழுத வேண்டும், ஊர்த்தலைவர் முத்திரை வேண்டும், அண்டை வீட்டார் இருவர் சாட்சி வேண்டும். இவ்வளவும் கொண்டுவந்தால், "நேற்று உன் கூரையில் புகை வந்தது. அடுப்பெரிகிற வீட்டுக்கு எதற்குத் தானியம்? மனு தள்ளுபடி!" என்பார்.

கயிறு திரிக்கும் பூவாயிக்கு மூன்று முறை இப்படி ஆயிற்று. படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷன், மூன்று பிள்ளைகள். நாலாவது ஓலையோடு நேரே சபைக்கே வந்துவிட்டாள்.

"பூவாயி, உன் வீட்டுப் புகையை நேற்று நானே பார்த்தேனே" என்றார் ராஜா.

"ஆமாங்க சாமி."

"என்ன சமைத்தாய்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அத மட்டும் கேக்காதீங்க சாமி."

விடங்கர் துள்ளினார். "பார்த்தீர்களா மகாராஜா! பொய் மனு. இவள் பெயரை ஆயுளுக்கும் அடித்துவிட வேண்டும்."

ராஜாவுக்கும் கோபம் வந்துவிட்டது. கை எழுத்தாணிக்குப் போனது. அப்போது சாத்தப்பர் எழுந்து, விடங்கரைத் தவிர பூவாயி உட்பட எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னார்.

"மகாராஜா, ஒரு நாள் பொறுங்கள். நாளைக்கு நீங்கள் மலைக்கோயிலுக்குப் போகிறீர்கள், இரவுச் சாப்பாடும் அங்கேதான் என்று ஊரெல்லாம் தண்டோரா போடச் சொல்லுங்கள். ஆனால் போகாதீர்கள். மேல்மாடத்துத் தூணுக்குப் பின்னால் நில்லுங்கள், போதும்."

"அமைச்சருக்கு வயதாகிவிட்டது" என்று விடங்கர் சிரித்தார்.

மறுநாள் அந்தி. ராஜா தூணுக்குப் பின்னால் நின்றார், கூடவே சாத்தப்பரும் விடங்கரும். குயவர் தெருவில் இரண்டு புகை. கயிற்றுக்காரத் தெருவில் ஒன்றுகூட இல்லை. இருட்டத் தொடங்கியும் ஊர் அப்படியே கிடந்தது. தெற்கே ஒரு கூரையில் மட்டும் மூன்று அடுப்புப் புகை திரண்டு எழுந்தது. அது விடங்கர் வீடு.

"இன்றைக்கு எல்லாரும் விரதம் போலிருக்கிறது" என்று விடங்கர் முணுமுணுத்தார்.

ராஜா படியிறங்கினார், மற்ற இருவரும் பின்னாலேயே ஓடினார்கள். நேரே பூவாயி வீட்டுக்குப் போய்ப் பானை மூடியைத் திறந்தார். உள்ளே வெறும் பானை. அடுப்பில் ஆறிப்போன சருகுச் சாம்பல்.

"சாமி கோயிலுக்குப் போகலியா?" என்று பதறினாள் பூவாயி.

"தினமும் சருகையா எரித்தாய்?"

"நான் மட்டுமா? தெருவே அப்படித்தான். பொக வரலேன்னா நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியுமே. எங்க வயிறு காயிறது காயட்டும், நீங்களும் எதுக்குப் பட்டினி கெடக்கணும்? இத சபையில சொன்னா அன்னிக்கே சாப்பாட்ட நிறுத்திருப்பீங்க."

ராஜா பானையை மூடினார். "என் அப்பாவையுமா இப்படி ஏமாற்றினீர்கள்?"

"நான் கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு பஞ்சம். மூணு நாள் ஏமாத்தினோம். நாலாம் நாள் பெரியவரு எறங்கி வந்து, இப்ப நீங்க பண்ணின மாதிரியே மூடியத் தொறந்துட்டாரு. அதுக்கப்புறம் தெனமும் ஏதாவது ஒரு தெருவுக்கு வந்து பாத்துட்டுத்தான் சாப்பிடப் போவாரு."

புகை பார்த்த பிறகு அப்பா கொஞ்ச நேரம் காணாமல் போவது வேங்கைமாறனுக்கு ஞாபகம் வந்தது. காலாற நடக்கப் போகிறார் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தார். அப்பாவின் வழக்கத்தில் பாதியைத்தான் தான் காப்பாற்றியிருக்கிறோம் என்று அந்த இடத்திலேயே அழுதார்.

"இது உமக்கு எப்படித் தெரியும்?" என்று சாத்தப்பரைக் கேட்டார்.

"சென்ற மாதம் தங்கை வீட்டுக்குப் போனீர்களே, அன்றைக்கும் ஊர் இப்படித்தான் இருந்தது. நான் வாயால் சொன்னால் நம்புவீர்களா? நீங்கள் நம்புவது புகையை ஆயிற்றே!"

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். அங்கேயே நின்று ஓலையையும் முத்திரையையும் சாட்சியையும் ரத்து செய்தார். மூட்டைகள் அப்போதே வண்டியேறின. விடங்கருக்கு மட்டும் அந்தச் சட்டம் ஒரு மாதம் நீடித்தது. மனு, முத்திரை, இரண்டு சாட்சி இருந்தால்தான் அவருக்குச் சோறு. முதல் நாள் சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. கடைசியில் பூவாயிதான் போய்ச் சொன்னாள், "பாவம், பசிக்குதுன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே" என்று.

அதற்குப் பிறகு மேல்மாடத்தில் ராஜாவைப் பார்த்தவர்கள் இல்லை. அந்தி சாய்ந்தால் ஏதாவது ஒரு தெருவில்தான் இருப்பார். கருங்குன்றத்துப் பெண்கள் அவரைக் கண்டதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் கேட்கும் முன்பே பானையைத் திறந்து காட்டுவார்கள்.