முதல் ஐந்து வாய்த் தண்ணீர்

குளக்கரையில் ஒரு கௌதாரி கதறிக்கொண்டிருந்தது.

"என் முட்டைகளைக் காணோம்! ஐயோ, கூட்டில் ஒன்றுகூட இல்லையே!"

அது கோடைக்காலம். பாறைக்காட்டில் சுனைகள் எல்லாம் வற்றிப்போய், அந்த ஒரு குளத்தில் மட்டும்தான் தண்ணீர் இருந்தது. அதனால் காடே குளத்தைச் சுற்றித்தான் கிடந்தது. கௌதாரியின் குரல் கேட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் வந்தது நரி.

"நான் பார்த்தேன் அக்கா! அந்தக் கீரிப்பயல்தான் உன் புதருக்குள் நுழைந்தான். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்!"

"பொய்!" என்று கீரி கத்தியது. "நேற்று முழுக்க நான் மேட்டுப் புற்றில் பாம்புக்குக் காத்துக் கிடந்தேன்!"

"அப்படியா? பாம்பைச் சாட்சிக்குக் கூப்பிடுவோமா?" என்று நரி கேட்டது.

எல்லாரும் சிரித்தார்கள். கீரி மட்டும் சிரிக்கவில்லை. குற்றம் உறுதியானால் என்ன தண்டனை என்று அதற்குத் தெரியும். அதற்கு 'விலக்கு' என்று பெயர்; மழை வரும்வரை குளத்தில் வாய் வைக்கக் கூடாது. அந்தக் கோடையில் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு.

அந்தக் காட்டில் வழக்குத் தீர்க்க ராஜா கிடையாது. ஒரு வழக்கம்தான் உண்டு. புகார் வந்த மறுநாள் விடிந்ததும், பெரிய துறையில் முதலில் தண்ணீர் குடிக்கும் ஐந்து பேர்தான் நியாயம் சொல்ல வேண்டும். பெரியவர், சிறியவர் என்ற பேதம் இல்லை. யானை குடித்தாலும் சரி, எலி குடித்தாலும் சரி, ஒரு வாய்க்கு ஒரு இடம்.

இதை ஊருக்குச் சொல்லும் வேலை நாமக்கோழியுடையது. நெற்றியில் வெள்ளை நாமம், குரலில் கண்டிப்பு. அன்றும் அது குளத்து நடுவில் மிதந்தபடி கூவியது:

"கேளுங்கள், கேளுங்கள்! நாளைக் காலை முதல் ஐந்து பேர் மருதமரத்தடியில் உட்கார வேண்டும்! வழக்கு முடியும்வரை வீட்டுக்குப் போகக் கூடாது. வெளியார் யாரோடும் பேசக் கூடாது. சாப்பாடு ஊர்ப்பொறுப்பு. இரண்டு பக்கமும் முழுக்கக் கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கேள்வி கேட்கலாம், இடத்தைப் போய்ப் பார்க்கலாம். ஐவரும் ஒருமனதாகச் சொன்னால்தான் தண்டனை. ஒருவர் மறுத்தாலும் கிடையாது! புகார் சொன்னவரும் சாட்சியும் உட்காரக் கூடாது. நோயாளிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் என்னிடம் சொல்லிவிட்டுச் சின்னத் துறையில் குடிக்கலாம்."

அவ்வளவுதான். மாலைக்குள் பாதிக் காட்டுக்கு நொண்டி வந்துவிட்டது!

"அம்மா, முன்னங்காலில் சுளுக்கு" என்றது ஒரு மான்.

"எனக்குப் பின்னங்கால்" என்றது மற்றொரு மான்.

குரங்கு ஒன்று இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு உருண்டது. முயலும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றது.

நாமக்கோழி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தது. பிறகு, "ஐயோ, சிறுத்தை!" என்று அலறியது.

நொண்டிகள் எல்லாம் நாலு கால் பாய்ச்சலில் பறந்தன. குரங்கு மர உச்சியில் இருந்தது. முயலைக் காணவே காணோம்.

"எல்லாருக்கும் குணமாகிவிட்டது. நாளை பெரிய துறையிலேயே குடியுங்கள்!" என்றது நாமக்கோழி.

முயல் கெட்டவன் அல்ல. கீரிக்கு அடுத்த வளைக்காரன். இருவரும் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. பாம்பு வந்தால் கீரி குரல் கொடுக்கும். முயல் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஓடும். ஆனால் நியாயம் சொல்ல உட்காருவதென்றால் முயலுக்கு வேப்பங்காய். போன கோடையில் உட்கார்ந்து வந்த முள்ளம்பன்றி அதன் காதை நன்றாக நிரப்பி வைத்திருந்தது.

"இரண்டு பகல் போச்சு தம்பி! ஊர்ச் சாப்பாடாம், காய்ந்த கிழங்கைப் போட்டார்கள். வழக்காட வந்த பெருச்சாளி கத்திக் கத்தியே காது அடைத்துவிட்டது. கடைசியில் தோற்றவன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நமக்கு எதற்கு ஊர் வம்பு?"

"அதானே அண்ணே! யாராவது போவார்கள்" என்றது முயல்.

அந்த யாராவது யார் என்று இருவரும் யோசிக்கவில்லை. காட்டில் வேறு யாரும் யோசிக்கவில்லை. நரி மட்டும் யோசித்தது. அது தன் நாலு கூட்டாளிகளைப் பாறை மறைவுக்குக் கூட்டிப்போனது. கழுதைப்புலி, காட்டுப்பூனை, உடும்பு, காகம்.

"நாளைக்கு உங்கள் நாலு பேருக்கும் விடியும்போதே தாகம் எடுக்க வேண்டும், புரிகிறதா?" என்றது நரி.

"எடுத்தால் என்ன கிடைக்கும்?" என்றது கழுதைப்புலி.

"கௌதாரி மறுபடியும் முட்டையிடாமலா போகும்? கீரி போய்விட்டால் பங்குக்கு ஒரு வாய் குறைவு!"

"நாங்கள் நாலு பேர்தானே? ஐந்தாவது ஆள் மறுத்தால்?" என்று உடும்பு கேட்டது.

"அதற்கு ஒரு முட்டாள் வந்து சேருவான்" என்றது நரி.

பொழுது விடிந்தது. குளக்கரைப் புதர்கள் எல்லாம் மூச்சு விட்டன. ஒவ்வொரு புதரிலும் நாக்கு வறண்ட நாலைந்து பேர் ஒளிந்துகொண்டு, மற்றவர்கள் முதலில் குடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முயலும் முள்ளம்பன்றியும் ஒரே காரைப்புதரில் இருந்தன.

கழுதைப்புலி வந்து குடித்தது. பிறகு காட்டுப்பூனை. பிறகு உடும்பு. பிறகு காகம். நாமக்கோழி ஒவ்வொருவராக மருதமரத்தடிக்கு அனுப்பியது.

முயலின் காது விறைத்தது. "அண்ணே, நாலும் நரியோடு சுற்றுகிற கூட்டமாக இருக்கிறதே!"

"இன்னும் ஒரு இடம் இருக்கிறதே. அதில் நல்லவன் யாராவது வருவான்" என்றது முள்ளம்பன்றி.

"ஒருவர் மறுத்தாலே கீரி பிழைத்துக்கொள்வான். நீங்கள் போங்களேன் அண்ணே, உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கிறது."

"அனுபவம் இருப்பதால்தான் போகவில்லை. நீ போ, உன் பக்கத்து வளைதானே!"

"பக்கத்து வளை என்பதால்தான் யோசிக்கிறேன். நாளைக்கு யாராவது ஏதாவது சொல்வார்கள்."

துறை வெறிச்சென்று கிடந்தது. வெயில் ஏறியது. நாமக்கோழி, "இன்னும் ஒரு இடம்! இன்னும் ஒரு இடம்!" என்று கூவிக்கூவிப் பார்த்தது. குற்றம் சாட்டப்பட்டவர் நிற்க வேண்டிய பாறையில் நின்ற கீரி ஒவ்வொரு புதராகப் பார்த்தது. காரைப்புதரையும் பார்த்தது. முயல் தலையைக் குனிந்துகொண்டது.

அப்போது ஒரு காட்டெருமை ஆடி அசைந்து வந்தது. அதற்குப் புகாரும் தெரியாது, கூவியதும் தெரியாது. மூன்று மலைக்கு அப்பாலிருந்து நடந்து வந்த அசதி. துறையில் இறங்கி வயிறு முட்டக் குடித்தது. ஐந்தாவது இடமும் நிரம்பியது.

அடுத்த நொடியே புதர்கள் எல்லாம் திறந்துகொண்டன! காடே குளத்தில் பாய்ந்து மடக்மடக்கென்று குடித்தது. பிறகு எல்லாரும் வேடிக்கை பார்க்க மருதமரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

ஐவரும் நாமக்கோழி சொல்லச்சொல்ல உறுதி எடுத்தார்கள்: "முழுக்கக் கேட்காமல் முடிவு சொல்ல மாட்டோம். முடிவை முன்னாலேயே கொண்டுவர மாட்டோம்." காகம் இதைச் சொல்லும்போது வேறு பக்கம் பார்த்தது. காட்டெருமை பாதியிலேயே தூங்கிவிட்டது.

நரி சாட்சி சொன்னது. கீரி மறுத்தது.

"கீரி முட்டை தின்பானா, மாட்டானா?" என்று கழுதைப்புலி கேட்டது.

"கிடைத்தால் தின்பேன். ஆனால் இதைத் தின்னவில்லை!"

"தின்பேன் என்று அவனே சொல்லிவிட்டான்!" என்று காட்டுப்பூனை கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது.

முயலின் மனத்தில் ஒரு கேள்வி முளைத்தது. கீரி முட்டை தின்பதை அது எத்தனையோ முறை பார்த்திருக்கிறது. கீரிக்கு முட்டையைக் கடித்து உடைக்க வராது. பின்னங்கால் நடுவே வீசி, கல்லில் மோதி உடைத்துத்தான் தின்னும். அந்த இடமே ஓடாகக் கிடக்கும். கௌதாரியின் புதரில் ஓடு கிடந்ததா? யாராவது போய்ப் பார்த்தார்களா?

கேள்வி முயலின் தொண்டைவரை வந்தது. கடைசியில் வெளியேயும் வந்துவிட்டது.

"ஓடு எங்கே என்று கேளுங்கள்! புதரைப் போய்ப் பாருங்கள்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நாமக்கோழி நீரில் சிறகடித்தது.

"யார் அது? உட்கார்ந்தவர் மட்டும்தான் கேட்கலாம். விடியலில் குளத்தில் வாய் வைக்காதவருக்கு இங்கே வாய் கிடையாது!"

"ஆனால், அம்மா..."

"ஒரு இடம் காலியாகத்தானே கிடந்தது? நான் தொண்டை கிழியக் கூவினேனே!"

முயல் உட்கார்ந்துவிட்டது. கழுதைப்புலி சிரித்தது. அது எப்போதும் சிரித்த முகம்தான். ஆனாலும் அன்றைய சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

"கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. விலக்கு!" என்றது கழுதைப்புலி.

"விலக்கு!" "விலக்கு!" "விலக்கு!" என்றன மற்ற மூன்றும்.

நாமக்கோழி கரைக்கு வந்து காட்டெருமையைக் கொத்தி எழுப்பியது.

"எல்லாரும் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டது காட்டெருமை.

"விலக்கு என்று."

"அப்படியானால் நானும் அதேதான். போகலாமா?"

தீர்ப்பு முடிந்தது. கௌதாரி மட்டும், "என் முட்டை எங்கே போனது என்று யாரும் கேட்கவே இல்லையே" என்றது. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கீரி கரையேறி மேற்கே நடந்தது. முயலின் பக்கத்தில் வந்தபோது ஒரு கணம் நின்றது.

"நல்ல கேள்வி, முயலே. வெயில் ஏறுவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம்."

முயலுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் யாருக்குத் தாகம் தணித்தது?

கொஞ்ச நாள் கழித்துக் கௌதாரி மறுபடியும் முட்டையிட்டது. அந்த முட்டைகளும் காணாமல் போயின. இம்முறை கை காட்டக் கீரி இல்லை. காட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேளுங்கள், கேளுங்கள்!" என்று நாமக்கோழி கூவத் தொடங்கியது. அன்று மாலை ஒருவருக்கும் நொண்டி வரவில்லை. மறுநாள் கிழக்கு வெளுத்ததும் முயல் துறையில் தலைகுப்புற விழாத குறையாக வந்து குடித்தது. பின்னாலேயே முள்ளம்பன்றி, இரண்டு மான்கள், வயிற்றுவலிக் குரங்கு. கழுதைப்புலிக் கூட்டம் வந்தபோது இடம் இல்லை.

ஐவரும் கௌதாரியின் புதரைப் போய்ப் பார்த்தார்கள். ஓடு இல்லை. ஒரு சொட்டு மஞ்சள்கருகூட இல்லை. புழுதியில் காலடிகள் இருந்தன. அவை நேராக நரியின் குகைக்குப் போயின. குகை வாசலில் ஓடுகள் கிடந்தன, பழையதும் புதியதுமாக.

நரி எவ்வளவோ பேசிப் பார்த்தது. ஐவரும் பொறுமையாக முழுக்கக் கேட்டார்கள். பகலெல்லாம் ஆயிற்று. காய்ந்த கிழங்குதான் சாப்பாடு. முள்ளம்பன்றிகூட முணுமுணுக்கவில்லை. பொழுது சாயும்போது ஐவரும் ஒருமனதாகச் சொன்னார்கள்: "விலக்கு!"

"கீரியைக் கூட்டி வாருங்கள்! தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்!" என்று காடே ஆர்ப்பரித்தது.

முயல் யாருக்கும் காத்திருக்கவில்லை. மேற்கே ஓடியது. வற்றிப்போன ஓடை மணலில் கீரி நகத்தால் தோண்டிய ஒரு குழி இருந்தது. ஆழமான குழி. அடிவரை காய்ந்த மணல். பக்கத்தில் கீரி கிடந்தது, முகத்தைக் குளத்துப் பக்கம் திருப்பியபடி.

நியாயம் சொல்ல ஊர் அழைக்கும்போது நல்லவன் ஒளிந்துகொண்டால், அவனுடைய இடம் காலியாக இருப்பதில்லை; அநியாயம் வந்து அதில் உட்கார்ந்துகொள்ளும்.