அடுத்த மாசம் வரும் லேப்டாப்

“டீச்சர், இப்பவே வாங்கிடலாமா, இன்னும் ஒரு மாசம் பொறுக்கலாமா?”

லூர்து மச்சாது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார்.

செண்பகவடிவு நிமிரவில்லை. கணினித் திரையில் ஒரு தவளைக்குப் பின்னங்கால் வரைந்துகொண்டிருந்தாள்.

“உள்ள வாங்க சார்.”

மச்சாதுவுக்கு அறுபத்தொரு வயது. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்து மூன்று வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வடிவுக்கு முப்பது. பலசரக்குக் கடை மாடியில் ஒரு அறை எடுத்து, கார்ட்டூன் படம் செய்யச் சொல்லிக்கொடுக்கிறாள். அவளிடம் படிப்பவர்களில் பேனா வைத்த சட்டையோடு வருகிறவர் இவர் ஒருவர்தான்.

அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

“அடுத்த மாசம் என்ன வருது?”

“புது மாடல். போன மாடலைவிட ரெண்டு மடங்கு வேகமாம். கடல் தண்ணிய நிஜத் தண்ணி மாதிரியே காட்டலாமாம்.”

“போன மாடல் வந்தப்ப ஏன் வாங்கல?”

“அப்பத்தான் இது வரப்போகுதுன்னு சொன்னாங்க.”

“அதுக்கு முன்னால?”

“அப்ப, அந்தப் போன மாடல் வரப்போகுதுன்னு சொன்னாங்க.”

சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“மூணு வருஷம் ஆச்சு” என்றாள் வடிவு.

“ஆமா டீச்சர்.”

சட்டைப் பையில் இருந்த பேனாவைச் சரிசெய்துகொண்டார். பிறகு சொன்னார்.

“நேத்து ரெஜினா ஒண்ணு சொன்னா. அதுல இருந்து மனசு சரியில்ல.”

ரெஜினா அவருடைய மகள். பிறவியிலேயே காது கேளாதவள். அந்த வீட்டில் கையால்தான் சண்டை போடுவார்கள். அடித்துக்கொள்ள மாட்டார்கள், சைகையில் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். இப்போது அவள் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் ஆசிரியை.

மூன்று வருஷத்துக்கு முன்பு மச்சாது அந்தப் பள்ளிக்குப் போயிருந்தார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைகையில் ஒரு கதை சொன்னார். ஒரு நண்டு. அதன் வளையை அலை வந்து அழித்துவிட்டது. நண்டு தன் வீட்டைத் தேடிக் கிளம்பியது.

அங்கே நிறுத்தினார். “மீதிய கார்ட்டூன் படமா எடுத்துட்டு வந்து காட்டுறேன்” என்றார்.

பிள்ளைகள் கைகளை உயர்த்தி ஆட்டினார்கள். அவர்களுடைய கைதட்டல் அதுதான்.

அந்தப் பிள்ளைகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. அந்தப் பள்ளியில் ஐந்து வரைதான். ஏப்ரல் முடிந்தால் ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு விடுதி.

“நேத்து ஒரு பிள்ள ரெஜினாட்ட கேட்டிருக்கா. ‘டீச்சர், உங்க அப்பா செத்துட்டாரா?’ன்னு.”

வடிவு தவளையை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

“ரெஜினா என்ன சொன்னாங்க?”

“‘இல்ல, லேப்டாப் பாத்துக்கிட்டு இருக்காரு’ன்னு சொன்னாளாம்.”

வடிவு சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு மச்சாதுவுக்குத் தெரிந்தது.

“சரி சார். காத்திருங்க” என்றாள்.

“நிஜமாவா?”

“நிஜமாத்தான். புதுசு வரட்டும். ஆனா அதை அந்தப் பிள்ளைகள்ட்ட நீங்களே போய்ச் சொல்லணும்.”

“போன்ல வீடியோ எடுத்து அனுப்பட்டுமா?”

“நேர்ல.”

“என்னன்னு சொல்ல?”

“எங்கிட்ட சொன்னத அப்படியே சொல்லுங்க.”

அவள் மறுபடி தவளையின் காலுக்குப் போய்விட்டாள்.

•

வெள்ளிக்கிழமை காலை மச்சாது பள்ளிக்குப் போனார். பழைய லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனார். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமல்லவா?

வகுப்பில் ஒன்பது பேர் இருந்தார்கள். ரெஜினா ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

“உயிரோடதான் இருக்காரு!” என்று ஒரு சிறுமி பக்கத்துப் பையனிடம் சைகையில் சொன்னாள். அவள் பெயர் இசக்கியம்மாள். பையன் நவாஸ்.

மச்சாது தொண்டையைச் செருமினார். அங்கே அதற்கு ஒரு பலனும் இல்லை. கையைத் தூக்கினார்.

“அடுத்த மாசம் புது மெஷின் வருது. அது வந்ததும் படத்த முடிச்சுடுவேன். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.”

“இந்த மெஷினுக்கு என்ன?” நவாஸ் கேட்டான்.

“இது மெதுவா ஓடும். அடிக்கடி நின்னுடும். தண்ணி தண்ணி மாதிரியே வராது. பாருங்க, காட்டுறேன்.”

நாற்பது நொடிப் படம். மூன்று வருஷத்தில் அவ்வளவுதான் ஆகியிருந்தது.

மணல் அசைந்தது. நண்டு வெளியே வந்தது. அங்குமிங்கும் பார்த்தது. வளையைக் காணவில்லை. பிள்ளைகளை நேராகப் பார்த்து, இரண்டு கொடுக்குகளையும் தூக்கி, சைகையில் கேட்டது: “என் வீடு எங்கே?”

அந்த இடத்தில் லேப்டாப் நின்றுவிட்டது.

மச்சாது ஒரு பொத்தானை அமுக்கினார். இன்னொன்றை அமுக்கினார். எல்லாப் பொத்தான்களையும் அமுக்கினார். நண்டு தூக்கிய கொடுக்கை இறக்கவில்லை.

அவருக்கு வேர்த்தது. திரும்பிப் பார்த்தார்.

பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சாதாரணச் சிரிப்பல்ல. ஒருவன் தரையில் படுத்துவிட்டான். இரண்டு பேர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள்.

மெஷினைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தார். மகளைப் பார்த்தார். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன?” என்றார்.

ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்பா, உங்க நண்டு என்ன கேக்குதுன்னு தெரியுமா?”

“‘என் வீடு எங்கே?’ன்னு.”

“இல்லப்பா.”

பத்து விரல்களையும் சேர்த்துக் கூரை மாதிரிப் பிடித்தாள். “இது வீடு.” பிறகு மற்ற விரல்களை மடக்கி, கைக்கு இரண்டு விரல் மட்டும் நீட்டினாள். “நண்டுக்கு ஏதுப்பா பத்து விரல்? இருக்கிற ரெண்டு கொடுக்கத் திறந்து மூடி, வீடுன்னு சொல்லப் பாக்குது. அது எப்படித் தெரியுது?”

நவாஸ் முந்திக்கொண்டான். “கத்தரிக்கோல்!”

“அதேதான். ‘என் கத்தரிக்கோல் எங்கே?’ன்னு கேக்குது உங்க நண்டு.”

மச்சாது நண்டைப் பார்த்தார்.

இசக்கியம்மாள் எழுந்து வந்தாள். திரையில் நண்டின் இடது கொடுக்கைத் தொட்டாள். வலது கொடுக்கைத் தொட்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, ஒன்றும் தெரியாத ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல், நிதானமாகச் சொன்னாள்:

“கையிலதான் இருக்கு.”

மச்சாது அப்படியே தரையில் உட்கார்ந்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் இப்படிச் சிரித்து ரெஜினா பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. அம்மா போன பிறகு பார்த்ததே இல்லை.

லேப்டாப்பை அணைத்துப் போட்டார். அது மறுபடி எழுந்திருக்க நான்கு நிமிஷம் ஆகும்.

பிள்ளைகள் நான்கு நிமிஷம் காத்திருக்கவில்லை.

நவாஸ் நண்டானான். கொடுக்கைத் தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து, இசக்கியம்மாளிடம் போனான். அவள் நத்தை.

“என் கத்தரிக்கோல் எங்கே?”

நத்தை தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டது. “எதுக்கு? எனக்கு முடியே இல்லையே!”

இன்னொருவன் கடற்பறவையானான். அவனுக்கு இறகு வெட்ட வேண்டுமாம். இன்னொருத்தி தேங்காய். அவளுக்குத் தலைநிறைய நார். வகுப்பே கடற்கரையாகிவிட்டது.

லேப்டாப் எழுந்து, நண்டைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தியது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

மச்சாது சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்தார். காகிதம் தேடினார். ரெஜினா தன் நோட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

•

அன்று சாயங்காலம் மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது.

“பிள்ளைகள்ட்ட சொன்னீங்களா சார்?” வடிவு கேட்டாள்.

“சொல்ல ஆரம்பிச்சேன். முடிக்கல.”

“ஏன்?”

“டீச்சர், நத்தை தலையத் தடவணும். நத்தைக்குக் கையில்ல. என்ன செய்ய?”

வடிவு அவரைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அன்றைக்கு லேப்டாப் பேச்சு வரவில்லை.

•

அதற்குப் பிறகு வாரத்துக்கு அரை நிமிஷம் படம் செய்தார். லேப்டாப் மின்விசிறியைவிடச் சத்தமாக இரைந்தது. ஓடும்போது ஓடியது. நிற்கும்போது, அவர் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிக்குப் போனார். காட்டினார். பிள்ளைகள் திருத்தினார்கள்.

“நத்தை இப்படிப் பேசாது. மெதுவாப் பேசும்.”

“பறவைக்கு ரெண்டு றெக்கையும் பேசணும். ஒரு றெக்கையில சொன்னா அரை வார்த்தைதான்.”

கடலுக்கு அவர் இரண்டு நீலக் கோடுகள் போட்டிருந்தார். அது மட்டும் அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் கேட்டேவிட்டார்.

“தண்ணி நல்லா இல்லையோ?”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எந்தத் தண்ணி?” என்றான் நவாஸ்.

பிப்ரவரியில் புது மாடல் வந்தது. மச்சாதுவுக்கு அது மார்ச்சில்தான் தெரிந்தது. அதுவும் பழைய பேப்பர் விரித்து வடை வைத்துச் சாப்பிட்டபோது.

ஏப்ரலில் படம் முடிந்தது. நண்டு கடைசியில் கடற்கரையில் ஒரு சலூன் திறந்தது. தேங்காய்கள் வரிசையில் நின்றன. சலூனுக்குப் பின்பக்கம் நண்டுக்கு ஒரு வளையும் இருந்தது. முடிவு பிள்ளைகளுடையது. மச்சாது வரைந்ததோடு சரி.

பள்ளி முழுவதும் உட்கார்ந்து பார்த்தது. விளக்கைப் போட்டபோது எல்லாக் கைகளும் மேலே ஆடின. மச்சாது எழுந்து நின்றார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கைகள். கிரேனில் இருந்து பார்க்கும்போது கடல் இப்படித்தான் இருக்கும்.

கடைசி வரிசையில் ஒரு ஓரமாக வடிவும் கைகளைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் மச்சாது கேட்டார்.

“எல்லாம் தெரிஞ்சுதான அன்னிக்கி என்னைய அனுப்புனீங்க?”

“எதை சார்?”

“இப்படி ஆகும்னு.”

“இல்ல சார். பாவம், மூணு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கிற பிள்ளைங்க. ஒரு மன்னிப்பாவது கேட்டுட்டு வரட்டும்னுதான் அனுப்புனேன்.”



வடிவு இரண்டு கைகளையும் நீட்டினாள். விரல்களை மடக்கத் தெரியாமல் மடக்கினாள்.

“எனக்குச் சைகை ஒண்ணும் தெரியாது. அந்தக் கத்தரிக்கோல எனக்கும் ஒருக்கா காட்டித் தாங்க.”

•

பிள்ளைகள் ஆளுக்கொரு ஊருக்குப் போனார்கள். போவதற்கு முன்பு இசக்கியம்மாள் ஒரு கட்டளை போட்டாள். அடுத்த படம் ஆமை. வெள்ளிக்கிழமை தவறக் கூடாது. அந்த வாரப் படம் அவள் விடுதி வார்டன் போனுக்கு வந்துவிட வேண்டும்.

மூன்று வெள்ளிக்கிழமை படம் தவறாமல் போய்ச் சேர்ந்தது.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, பழைய லேப்டாப் இரைந்து, ஓய்ந்து, அதோடு எழுந்திருக்கவில்லை. மச்சாது அதை ஒரு துண்டில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

“படம் வரையணும். எது நல்லா இருக்கும்?”

கடைக்காரர் ஒன்றை எடுத்துக் காட்டினார். மச்சாது மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார்.

“இதையே கட்டிக் குடுங்க.”

கடைக்காரர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“பெரியவரே, அவசரமில்லன்னா ஒரு மாசம் பொறுங்க. இதோட அடுத்த மாடல் வருது. எல்லாத்துலயும் மேல.”

“வரட்டும், சந்தோஷம்” என்றார் மச்சாது. “எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு ஆமை முட்டையில இருந்து வெளிய வந்தாகணும்.”