வகுபடாத எண்

ஆற்றங்கரை மடத்துக்கு வந்தபோது தாண்டவராயருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. மடத்தை நடத்திய பெரியநாயகி அம்மாள் அவரைவிட இளையவர். இருந்தும் தாண்டவராயர் அவர் காலில் விழுந்தார்.

"வெள்ளத்துல என் மகள் கையைப் பிடிச்சிருந்தேன், தாயே. விட்டுட்டேன். அதே ஆத்துல நானும் இறங்கணும். உத்தரவு கொடுங்க."

இதற்கெல்லாமா உத்தரவு கேட்பார்கள்? கேட்டார். பாவம், மனுஷருக்கு யாராவது ஒருத்தர் சரி என்று சொல்ல வேண்டியிருந்தது.

அம்மாள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஒரு குச்சியை எடுத்து மணலில் நீளமாக ஓர் எண்ணை எழுதினார்.

"மீதி இல்லாம இதை வகுக்கிற எண்ணைக் கண்டுபிடிச்சுக் கொண்டாங்க. ஒண்ணு வேண்டாம். இதே எண்ணும் வேண்டாம். வேற ஏதாவது. அன்னைக்கு உத்தரவு தர்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

தாண்டவராயர் மணலில் உட்கார்ந்தார். மூன்றால் வகுத்தார், மீதி வந்தது. ஐந்தால் வகுத்தார், மீதி. ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எதற்கும் மசியவில்லை. போட்ட கணக்கை அழித்துவிட்டு அடுத்ததைப் போட்டார். மணி அடித்தால் சாப்பிட்டார். மழை பெய்தால் கொட்டகைக்குள் போய்ப் போட்டார். வருஷங்கள் போயின. தலை முழுக்க வெளுத்தது. துக்கம் மட்டும் துளிகூடக் குறையவில்லை. சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் கணக்கிலும் ஒரு நாள் குறை வைக்கவில்லை.

ஒரு காலையில் குச்சியைப் போட்டுவிட்டு அம்மாளிடம் வந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"இதை வகுக்க எதுவுமே இல்ல, தாயே."

"இன்னும் எத்தனையோ பெரிய எண் இருக்கே?"

"பெருசு ஒண்ணு வகுத்தா, அதுக்கு ஜோடியா சின்னது ஒண்ணும் வகுக்கணும். ரெண்டையும் பெருக்கினாத்தானே இது வரும்? சின்னதையெல்லாம் பார்த்து முடிச்சாச்சு. ஒண்ணும் இல்ல. இது பகா எண்."

"ஆமா."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எழுதும்போதே தெரியும்."



"இன்னைக்குக் கிடைச்சிடும், இன்னைக்குக் கிடைச்சிடும்னுதானே தினமும் எழுந்திரிச்சேன்! இத்தனை வருஷம் ஏமாத்திட்டீங்களே!"

"ஏமாத்தினேன்."

"வலி கொஞ்சமாவது குறைஞ்சிருந்தா மன்னிச்சிருப்பேன். குறையலையே, தாயே!"

"குறையாது, ஐயா. அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல."

அவர் ஆற்றைப் பார்த்து நடந்தார். ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடியது. முழங்கால் ஆழத்துக்கு இறங்கியபோது, பின்னாலேயே இறங்கி வந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தாண்டவராயர் இழுத்துப் பார்த்தார். பிடி தளரவில்லை.

"கையை விடுங்க, தாயே."

"விட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா, ஐயா?"