மூன்று பேர் ஒத்துப்போகாத கேஸ்கள்

அறிவுள்ள இயந்திரத்தைக் கட்ட முடியும் என்று இங்கே யாரும் நம்பாத காலத்தில் அதைக் கட்டிக் காட்டியவர் பேராசிரியை தெய்வானை. இதயத் துடிப்பின் கோடுகளைப் படித்துச் சொல்லும் பெட்டி அது. புரியாத கோடு வந்தால் மணி அடிக்கும். அடிக்கடி அடித்தது. கோயில் மணி என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் கேலி செய்தார்கள்.

"தெரியாதுன்னு சொல்லத்தான் அதுக்கு முதல்ல கத்துக்கொடுத்தேன். உங்களுக்கு அதை யாரும் கத்துக்கொடுக்கல" என்று ஒரு கூட்டத்தில் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அதன்பிறகு அவரைப் பொன்னாடை போர்த்த மட்டும்தான் கூப்பிட்டார்கள்.

அவருடைய மாணவர்களில் பெரிய ஆளாக வந்தவர் பூவராகன். ஐம்பத்தொரு வயது, சொந்தக் கம்பெனி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்போடும் ஒரு ஃபைலோடும் வந்து ஆசிரியைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில மெஷினை வைக்கிறோம் மேடம். நிபுணர் குழுவுல உங்களைத் தவிர எல்லாரும் போட்டாச்சு. உங்க கையெழுத்துதான் பாக்கி."

அது ஒரு பெரிய மருத்துவமனை. அவசரப் பிரிவின் வாசலில் ஒரு நாற்காலி உண்டு. வருகிறவர் உடனே உள்ளே போகவேண்டியவரா, காத்திருக்கலாமா என்று அதில் இருக்கும் நர்ஸ்தான் பார்த்துச் சொல்வார். நாளை முதல் அந்த வேலை மெஷினுடையது. சிவப்பு என்றால் உள்ளே, பச்சை என்றால் வரிசையில். நர்ஸை வார்டுக்கு மாற்றி உத்தரவும் வந்துவிட்டது.

"தப்புப் பண்ணுமா?" என்று கேட்டார் தெய்வானை.

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரி மேடம்."

"எதை வச்சுச் சொல்ற?"

பூவராகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். பழைய நோயாளிகளின் முப்பதாயிரம் கேஸ் ஷீட்டுகள். ஒவ்வொன்றையும் மூன்று மூத்த நர்ஸுகளிடம் தனித்தனியாகக் கொடுத்து, சிவப்பா பச்சையா என்று குறிக்கச் சொன்னார்கள். மூவரும் ஒரே நிறத்தைக் குறித்தால் அது மெஷினுக்குப் பாடம். பாடத்தில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து வைத்துப் பரீட்சையும் வைத்தார்கள்.

"மூணு பேரும் ஒத்துப்போகலேன்னா?"

"அதையெல்லாம் எடுத்துட்டோம் மேடம். டேட்டா சுத்தமா இருக்கணும் இல்லையா?"

"எத்தனை?"

"நாலாயிரத்து நூத்திப் பன்னிரண்டு."

"எங்க வச்சிருக்க?"

பூவராகன் கொஞ்சம் நெளிந்தார். "குப்பைன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு மேடம்."

நாலாயிரம் மனிதர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டும் அந்த வாசலுக்கு வந்தவர்கள்.

தெய்வானை மேஜையை ஓங்கி அறைந்தார். பேனா உருண்டு கீழே விழுந்தது. பூவராகன் எடுக்கக் குனிந்தார்.

"அது கிடக்கட்டும். குப்பையைத் திற. முதல் ஆளைப் படி."

"முப்பத்தாறு வயசு, பெண். தனியா நடந்து வந்திருக்காங்க. காலையிலேர்ந்து தாடை வலி, குமட்டல். முதல் நர்ஸ் பச்சை. பல் வலின்னு எழுதியிருக்காங்க. ரெண்டாவது நர்ஸ் சிவப்பு, மாரடைப்பா இருக்கலாம்னு. மூணாவது நர்ஸ் நிறமே போடல. நேர்ல பார்க்காம சொல்ல முடியாதாம்."

"அன்னிக்கு என்ன ஆச்சு?"

பூவராகன் திரையைக் கீழே நகர்த்தினார். "வாசல்ல இருந்த நர்ஸுக்கும் புரியல. எந்திரிச்சு உள்ள ஓடிப்போய் டாக்டரைக் கையோட கூட்டிட்டு வந்திருக்காங்க. மாரடைப்புதான். பொழைச்சுட்டாங்க."

"இப்ப உன் மெஷினைக் கேளு."

அவர் விவரங்களைக் கொடுத்தார். கண் சிமிட்டும் நேரத்தில் பதில் வந்தது. பச்சை. அதன் கீழே, உறுதி தொண்ணூற்றேழு சதவீதம்.

"அடுத்த ஆள்."

லேசாகத் தலை சுற்றுவதாகச் சொன்ன பெரியவர். பச்சை, தொண்ணூற்றாறு. பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்த கைக்குழந்தை. பச்சை, தொண்ணூற்றெட்டு. நான்காவது ஆளுக்குச் சிவப்பு வந்தது. பூவராகனுக்கு மூச்சு வந்தது. அந்த ஆள் கண்ணில் மிளகாய்ப்பொடி பட்டு வந்தவர்.

"போதும், மூடு" என்றார் தெய்வானை. "தொண்ணூத்தெட்டாம்! சுலபமான கணக்கை மட்டும் சொல்லிக்கொடுத்து, பரீட்சையிலயும் அதையே கேட்டு, மார்க்கும் நீயே போட்டுக்கிட்ட. வெக்கமா இல்ல? இதுக்கா உனக்கு அஞ்சு வருஷம் தொண்டை வத்தக் கத்தினேன்?"

பூவராகனுக்கும் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய ஆளை இப்போதெல்லாம் யாரும் திட்டுவதில்லை.

"மூணு நர்ஸுக்கே தெரியாததை மெஷின் எப்படி மேடம் கத்துக்கும்? பாதிப் பேர் அப்புறம் என்ன ஆனாங்கன்னே எங்கேயும் எழுதி வைக்கல. சரியான பதில்னு ஒண்ணு இருந்தாத்தானே சொல்லிக்கொடுக்க முடியும்?"

"யாரு சரியான பதில் கேட்டா?"

"அப்ப இந்த மாதிரி ஆள் வந்தா அது என்னதான் செய்யணுங்கறீங்க?"

"அந்த நர்ஸ் செஞ்சதைச் செய்யட்டும். எந்திரிச்சுப் போய் டாக்டரைக் கூட்டிட்டு வரட்டும்."

"அது பெட்டி மேடம்!" பூவராகன் கத்தியேவிட்டார். "எந்திரிச்சுப் போக அதுக்குக் கால் ஏது?"

தெய்வானை ஃபைலை மூடி அவர் மடியில் வீசினார்.

"அப்ப கால் இருக்கறவளை அந்த நாற்காலியிலேர்ந்து எதுக்குடா எழுப்பின?"