மணி அடிக்காமல் உள்ளே வராதே

ஒரே ஒரு இடம்தான் பாக்கி. வந்திருந்தவர்கள் மூன்று பேர். கவனமாகப் படியுங்கள், திருப்பிச் சொல்ல மாட்டேன்.

அறக்கட்டளை ஒன்று நடத்திய மருத்துவக் கல்லூரி. பெயர் எதற்கு, இழுத்து மூடி வெகுகாலம் ஆகிறது. மார்க்கை மட்டும் பார்த்து அங்கே சேர்க்க மாட்டார்கள். நேர்முகத் தேர்வு உண்டு. அதுவும் கேள்வி பதிலோடு முடிகிற தேர்வு அல்ல. காத்திருக்கும் கூடத்துக்கும் தேர்வு அறைக்கும் நடுவே மரச்சட்டம் போட்ட ஜன்னல் ஒன்று இருந்தது. அதன் பின்னால் டாக்டர்கள் உட்கார்ந்து, கூடத்தில் யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பார்கள். சில நாள் ஓர் ஆளை ஏற்பாடு செய்து கூடத்துக்குள் அனுப்புவார்கள். அந்த ஆள் அழுவார், இல்லை மயங்கி விழுவார். ஓடிப்போய்த் தாங்குகிற பிள்ளைக்கு மார்க்.

ரகசியம்தான். விண்ணப்பித்த எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

வெளிப்படையாகச் சொன்ன விதி ஒன்றும் உண்டு. மணி அடித்துப் பெயர் கூப்பிடாமல் தேர்வு அறைக்குள் கால் வைத்தால், அவ்வளவுதான். ஊருக்குப் போகலாம்.

கடைசி நாள். நாசரேத்திலிருந்து நவமணி. இது அவளுக்கு இரண்டாவது முயற்சி. இந்த முறையும் தவறினால் கல்யாணம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். வாணியம்பாடியிலிருந்து வாஜித். தேவகோட்டையிலிருந்து சிவகுருநாதன், அவன் அப்பா கம்பவுண்டர், சிறு வயதிலிருந்தே நாடி பிடித்துப் பழகியவன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்து மரியாதைக்குச் சிரித்துக்கொண்டார்கள். சிரித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்கள்.

பின் பெஞ்சில் ஒரு பெரியவர். அவருடைய மகளுக்கு முந்தின நாளே இடம் கிடைத்துவிட்டது. பெட்டியை எடுத்து வர அவள் விடுதிக்குப் போயிருந்தாள். இது மூவருக்கும் தெரியாது. பெரியவர் இடது தோளைத் தடவினார். பிறகு தாடையை. மின்விசிறி தலைக்கு மேலேயே சுற்றியது, ஆனாலும் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது.

மூவரும் பார்த்தார்கள். இன்றைக்கு அனுப்பிய ஆள் இவர் என்று மூவருமே நினைத்தார்கள்.

பெரியவர் பெஞ்சிலிருந்து சரிந்தார்.

வாஜித் நகரவில்லை. "நேத்து அழுத அம்மா சாயந்திரம் கேன்டீன்ல வடை சாப்பிட்டுட்டிருந்தாங்க," என்றான். தரையில் கிடந்தவரைப் பார்த்து, "பெரியவரே, அவங்க உங்களைவிட நல்லாப் பண்ணாங்க," என்றான். பொய்யாக இரக்கப்பட்டு மார்க் வாங்குவது தனக்கு அசிங்கம் என்றும் சொன்னான். ஜன்னலுக்குக் கேட்கும்படியே சொன்னான்.

சிவகுருநாதன் ஓடினான். ஜன்னலுக்கு முகம் தெரிகிற பக்கமாக மண்டியிட்டான். "ஐயா, பயப்படாதீங்க, நான் இருக்கேன்." சட்டைப் பொத்தானைக் கழற்றினான். மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்தவன் பேச்சை நிறுத்தினான். விரலை மாற்றி வைத்துப் பார்த்தான். தேர்வு அறைக் கதவைப் பார்த்தான். பிறகு ஜன்னலை.

நவமணி பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணே, நெசமா?"

"நீங்க போய் உக்காருங்க. அவங்கதான் பார்த்துக்கிட்டிருக்காங்களே."

சொல்லிவிட்டு மறுபடி குரலை உயர்த்தினான். நான் இருக்கேன் ஐயா, நான் இருக்கேன்.

நவமணி உட்காரவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே கனகசபை, ரெபேக்கா, இன்னொருவர் என்று மூன்று டாக்டர்கள். எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்து மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு ஆளை ஏற்பாடு செய்தது யார் என்று ஒருவரும் மற்றவரைக் கேட்கவில்லை. ரெபேக்கா அம்மாவின் ஏற்பாடு என்று கனகசபை நினைத்தார். கனகசபையின் ஏற்பாடு என்று ரெபேக்கா நினைத்தார். மூன்றாமவர் புதிது, மூத்தவர்கள் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டார்.

"உன்னைக் கூப்பிட்டோமா?" என்றார் கனகசபை.

"இல்ல சார். வெளிய ஒருத்தர் சாகக் கிடக்காரு. வந்து பாருங்க."

"நல்லாத்தான் செய்யறே. போய் உட்காரம்மா."

அவள் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தாள். தோள் தையல் பிரிந்தது. அப்போதுதான் ரெபேக்கா கேட்டார்: "டாக்டர், அது உங்க ஆளுதானே?"

கனகசபை எழுந்து ஓடினார். ஓடி என்ன? பெரியவர் போய்விட்டார். சிவகுருநாதன் இன்னமும் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். பெட்டியோடு மகள் வாசலில் வந்து நின்றாள்.

இடத்தை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். மறுநாள் டாக்டர்கள் மூவரும் வாதாடினார்கள். சிவகுருநாதனுக்கு என்றார் கனகசபை. கடைசிவரை கையை விடாதவன் அவன்தான். பார்ப்பவர்கள் டாக்டர்கள், வந்துவிடுவார்கள் என்று நம்பியது குற்றமா? புதியவர் வாஜித்துக்கு என்றார். எல்லாரும்தான் ஏமாந்தோம், நாமும்தான். நடிக்க மறுத்தவன் அவன் ஒருத்தன். ரெபேக்கா நவமணிக்கு என்றார். அவள் நோயாளியைத் தொடக்கூட இல்லை, விதியை மீறினாள், நிஜமா பொய்யா என்று அவளுக்கும் தெரியாது என்று மற்ற இருவரும் அடித்துப் பேசினார்கள்.

அந்த இடம் யாருக்குச் சேர வேண்டும்? ஒரு முடிவுக்கு வந்த பிறகு கீழே படியுங்கள்.

விடை: நவமணிக்கு. வாஜித்துக்கு உண்மை தெரியாது. தெரிந்துகொள்ளக் கிட்டவும் போகவில்லை. நவமணிக்கும் தெரியாது, நிஜமாக இருந்துவிட்டால் என்கிற சந்தேகத்துக்கே இடத்தை விட்டுக்கொடுத்தாள். தெரிந்தவன் ஒருவன்தான். அழுகையை நடிக்கலாம், மயக்கத்தை நடிக்கலாம். விட்டுவிட்டு ஓடுகிற நாடியை எவன் நடிப்பான்? விரல் வைத்ததுமே சிவகுருநாதனுக்கு விளங்கிவிட்டது. உள்ளே இருப்பவர்கள் இதை நாடகமாகத்தான் பார்ப்பார்கள் என்பதும் விளங்கியது. கதவு எட்டுகிற தூரம். மணி அடிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டான். ஆனால் கடைசியில் இடம் கிடைத்தது அவனுக்குத்தான். இன்றைக்கு அவர் பெரிய இருதய மருத்துவர், கைராசிக்காரர் என்று பெயர். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். நெஞ்சு வலித்தால் நீங்களும் அவரிடம்தான் போவீர்கள்.